100 வயது லாரி மீண்டும் உறுமுகிறது!

மனிதனுக்கு 100 வயது ஆனால் மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். லாரிக்கு 100 வயது ஆனால்?

அதுவரை யார் விட்டு வைப்பார்கள்! அதற்கு எவ்வளவோ காலம் முன்பே அது காயலான் கடைக்குப் போய்விடும். என்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பிறகு உலையில் உருகி, கம்பியாகவோ தகடாகவோ மாறிவிடும்.

ஆனால் இங்கிலாந்து நாட்டில் 100 வயதைத் தாண்டிய சில லாரிகள் இன்னும் ஓடுகின்றன. இழுத்துச் செல்லப்படவில்லை. சொந்த என்ஜினில், தாமே உறுமிக்கொண்டு ஓடுகின்றன!

இது தானாக நடந்துவிடவில்லை. துருப்பிடித்துக் கிடந்த வண்டியைச் சிலர் தேடிப் பிடித்தார்கள். அது எங்கே பிறந்தது, யாரிடம் உழைத்தது என்று ஆராய்ந்தார்கள். பிறகு நட்டு நட்டாகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார்கள். ஒரு லாரிக்கு 10 ஆண்டு, 15 ஆண்டு உழைத்தவர்களும் உண்டு.

இந்த வேலையின் கதை சுவையானது. நம் ஊர் ரோட்டோடும் அதற்கு உறவு உண்டு.

ஊர்ப் பெயரே லாரிப் பெயர்

இங்கிலாந்தின் வட மேற்கில் லங்காஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றூர். அதன் பெயர் லேலண்ட்.

ஆம்! லாரியின் நெற்றியில் நாம் பார்க்கும் அதே லேலண்ட்தான்.

1896-ம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு கம்பெனி தொடங்கியது. ஜேம்ஸ் சம்னர் என்ற தொழிலாளியும், ஹென்றி ஸ்பரியர் குடும்பத்தாரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் செய்தது நீராவி வண்டி. ஒன்றரை டன் பாரம் ஏற்றும். 1904-ம் ஆண்டில் பெட்ரோல் வண்டி செய்தார்கள். அதற்கு வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? "பன்றி!"

1907-ம் ஆண்டில் கம்பெனிக்கு "லேலண்ட் மோட்டார்ஸ்" என்று பெயர் வந்தது.

போருக்குப் போன 5,932 லாரிகள்

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. படைக்கு லாரிகள் வேண்டும். லேலண்ட் கம்பெனி 5,932 வண்டிகளைச் செய்து கொடுத்தது. பெரும்பாலானவை விமானப் படைக்குப் போயின. விமான உறுப்புகளையும், பெட்ரோலையும், ஆட்களையும் அவை சுமந்தன. திடமான ரப்பர் சக்கரம். காற்றடைத்த டயர் கிடையாது. சேற்றிலும் குழியிலும் அவை பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

1918-ம் ஆண்டில் போர் முடிந்தது. அப்போது கம்பெனிக்கு ஒரு கவலை பிறந்தது.

படைக்கு இனி அத்தனை லாரிகள் தேவை இல்லை. அவற்றை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். தேய்ந்து போன வண்டிகளை மலிவு விலைக்கு வாங்குகிறவர்கள், அவை நடுரோட்டில் நின்றால் என்ன சொல்வார்கள்? "லேலண்ட் வண்டியே மோசம்" என்றுதானே சொல்வார்கள்! கம்பெனியின் நல்ல பெயர் என்ன ஆகும்?

முதலாளிகள் ஒரு துணிச்சலான முடிவு செய்தார்கள். தாங்கள் விற்ற லாரிகளைத் தாங்களே திரும்ப வாங்கினார்கள்! ஏறத்தாழ 3,000 வண்டிகள். லண்டனுக்கு அருகே கிங்ஸ்டன் என்ற ஊரில் போர்க்காலத்தில் கட்டிய விமானத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அந்த இடத்தை எடுத்து, லாரிகளை அங்கே கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வண்டியையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார்கள். தேய்ந்ததை மாற்றி, புதிது போல் பூட்டி விற்றார்கள்.

இதனால் கம்பெனிக்குப் பெரும் பணச் சுமை ஏற்பட்டது. ஆனால் பெயர் காப்பாற்றப்பட்டது. அப்படிப் பிழைத்து வந்த லாரிகள் பிறகு பல ஆண்டுகள் பால் ஏற்றின, நிலக்கரி ஏற்றின, வீட்டுச் சாமான்கள் ஏற்றின.

பழைய லாரியைப் புதுப்பிக்கும் வேலையை அந்த லாரியைச் செய்த கம்பெனியே அன்று செய்து காட்டிவிட்டது!

லாரியா, மிருகக் காட்சி சாலையா?

பிறகு வந்த லேலண்ட் வண்டிகளுக்கு மிருகங்களின் பெயர்களை வைத்தார்கள். சிங்கம், புலி என்று பஸ்கள் வந்தன. காளை, எருமை, காண்டாமிருகம், நீர்யானை என்று லாரிகள் வந்தன. எட்டுச் சக்கர லாரிக்கு "ஆக்டோபஸ்" என்று பெயர். எட்டுக் கால் கடல் பிராணி அல்லவா! பொருத்தமான பெயர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பெரிய லாரிகளில் "ஓ.600" என்ற டீசல் என்ஜின் இருந்தது. 6 சிலிண்டர், 9.8 லிட்டர் கொள்ளளவு. 125 குதிரைச் சக்தி. உழைப்புக்குப் பெயர் போன என்ஜின் அது. பழைய லாரிகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு மகிழ்கிறார்கள்.

வண்டி எங்கே கிடைக்கிறது?

லாரி என்பது கார் போல் அல்ல. காரை ஆசைக்காக வைத்துக்கொள்வார்கள். லாரியை உழைப்புக்காகத்தான் வைத்துக்கொள்வார்கள். உழைக்க முடியாத லாரிக்கு நிறுத்த இடம்கூடக் கிடைக்காது. அதனால்தான் பழைய கார்கள் நிறைய பிழைத்தன. பழைய லாரிகள் கொஞ்சமே பிழைத்தன.

பிழைத்தவையும் முழு லாரியாகப் பிழைக்கவில்லை. லாரியின் கூண்டு ஒரு தோட்டத்தில் கோழிக் கூடாக இருக்கும். சட்டம் ஒரு பண்ணையில் டிராக்டருக்குப் பின்னால் இழுவண்டியாக ஓடும். என்ஜின் வேறு எங்கோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும், அல்லது மரம் அறுத்துக்கொண்டிருக்கும். ராட்டினம் ஆட்டும் திருவிழாக்காரர்கள் பழைய லாரிகளை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்தும் பல வண்டிகள் கிடைத்தன.

இப்படிப் பல ஊரில் சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்க்க வேண்டும். கண்ணில் பட்ட உறுப்பையெல்லாம் சேர்த்துவிட முடியாது. இந்த உறுப்பு இந்த லாரிக்கு உரியதா என்று முதலில் தெரிய வேண்டும். இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

துப்பறியும் வேலை

வண்டிச் சட்டத்தில் ஓர் எண் குத்தியிருப்பார்கள். அதுதான் லாரியின் பிறப்புச் சான்று. துருவும் பெயிண்டும் அதை மூடியிருக்கும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும். மெதுவாகச் சுத்தம் செய்து, மேலே சாக்குக்கட்டியைத் தேய்ப்பார்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும். எண் தெரியும்!

என்ஜினுக்கும் தனி எண் உண்டு. இரண்டு எண்களையும் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டால், வண்டிக்குப் பிறவியில் வந்த என்ஜின் இதுதானா, நடுவில் மாற்றியதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ரிஜிஸ்தர் நம்பர். இங்கிலாந்தில் 1903-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கத் தொடங்கினார்கள். "ஏ" என்றால் லண்டன். "பி" என்றால் லங்காஷயர். முன்னால் உள்ள எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடு இருந்தால், முதல் சொந்தக்காரர் யார், வண்டிக்கு என்ன நிறம் என்றுகூடத் தெரிய வரும். ஆனால் 1970-களில் எல்லா நம்பர்களும் ஸ்வான்சி என்ற ஊரில் உள்ள கம்ப்யூட்டருக்கு மாறின. அந்தக் காலத்தில் பல ஊர்களில் பழைய பதிவேடுகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். சில ஊர்களில் மட்டும் யாரோ புண்ணியவான்கள் எடுத்து வைத்தார்கள்.

பெயிண்டும் பேசும்! பழைய கதவை நனைத்து, மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார்கள். பச்சைக்கு அடியில் நீலம் வரும். நீலத்துக்கு அடியில் சிவப்பு வரும். சில சமயம் சிவப்பின் மேல் மங்கலாக எழுத்துக்கள் தெரியும். 80 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வண்டியை ஓட்டிய கம்பெனியின் பெயர் அது! அவசரக்காரர் ஒருவர் கதவை முதலிலேயே சுரண்டித் தள்ளியிருந்தால், அந்தப் பெயர் என்றென்றைக்கும் போயிருக்கும்.

அவசரப்பட்டால் ஆபத்து

புதுப்பிக்க வருகிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை, "என்ஜினை ஒரு தரம் ஓட்டிப் பார்ப்போமே" என்பதுதான். அதுதான் பெரிய ஆபத்து. 100 ஆண்டு தாக்குப் பிடித்த என்ஜினை ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடலாம்.

பல ஆண்டுகள் நின்ற என்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வும் இறுகியிருக்கும். எண்ணெய் வடிந்து, பேரிங் வறண்டிருக்கும். அதைப் பலவந்தமாகச் சுற்றினால் தண்டு வளையும், பிஸ்டன் உடையும்.

அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் பேசாமல் காத்திருக்கிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் மாதக்கணக்கு. பிறகு கையால் சிறிது அசைத்துப் பார்க்கிறார்கள். நூலளவு நகர்ந்தால் போதும். அன்று அவர்களுக்குத் தீபாவளிதான்!

டீசல் என்ஜினில் இன்னொரு பயம் உண்டு. டீசலை அளந்து விடும் பம்பின் கம்பி, நீண்ட நாள் நின்றதால் இறுகிப் போயிருக்கலாம். அந்த நிலையில் என்ஜின் பிடித்துக்கொண்டால் அடங்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் வெடித்துச் சிதறலாம். அதனால் முதல் முறை ஓட்டும்போது ஒருவர் பலகையோடு நிற்பார். என்ஜின் வெறி கொண்டால், காற்றுப் போகும் வழியைப் பலகையால் அடைத்துவிடுவார். மூச்சு அடைத்தால் எந்த என்ஜினும் நின்றுதானே ஆக வேண்டும்!

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூள் மூச்சில் கலந்தால் நுரையீரல் நோய் வரும். இங்கிலாந்தில் 1999-ம் ஆண்டில் கல்நாருக்குத் தடை விதித்தார்கள். இந்தத் தூளை ஊதித் துடைக்கக் கூடாது. துண்டு துண்டாகப் பூட்டிய பழைய சக்கர வளையங்களும் பொல்லாதவை. காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் உயிரே போகும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும்.

தண்ணீர் உடைத்த இரும்பு

இங்கிலாந்தின் குளிரில் பழைய என்ஜின்களுக்குத் தண்ணீரே எமன் ஆகிறது. ரேடியேட்டர் தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டால், குளிர்கால இரவில் அது பனிக்கட்டியாகும். 100 படி தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 109 படி இடம் கேட்கும். இடம் ஏது? வார்ப்பு இரும்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

பிளந்த என்ஜினைச் சாதாரணமாகப் பற்றவைத்தால், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதிய விரிசல் விடும். அதனால் "தையல்" போடுகிறார்கள்! ஆம், இரும்புக்குத் தையல். விரிசலின் குறுக்கே வரிசையாகத் துளைகள் போட்டு, உலோகப் பூட்டுகளை அடித்து இறக்குவார்கள். விரிசல் நெடுகிலும் ஒன்றை ஒன்று தொடும்படி திருகாணிகளை முடுக்குவார்கள். பிறகு மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். சூடே இல்லாமல் காயம் மூடிவிடும்.

கடையில் கிடைக்காத உறுப்பு

100 ஆண்டு லாரிக்கு உதிரி உறுப்பு எந்தக் கடையில் கிடைக்கும்? எங்கும் கிடைக்காது. செய்துதான் தீர வேண்டும்.

உடைந்த உறுப்பைப் பார்த்து முதலில் மரத்தில் அச்சு செய்கிறார்கள். அது உறுப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஏன்? உருகிய இரும்பு ஆறும்போது 100 அங்குலத்துக்கு ஏறத்தாழ 1 அங்குலம் சுருங்கிவிடும். அந்தக் கணக்குத் தெரியாதவர் செய்த உறுப்பு பொருந்தவே பொருந்தாது.

பழைய என்ஜின்களின் பேரிங்கில் வெள்ளை உலோகம் இருக்கும். ஈயம் போல் மெத்தென்று இருக்கும். ஆனால் பெரும் பகுதி வெள்ளீயம். அதை உருக்கி ஊற்றுகிறார்கள். ஆறியதும் தண்டில் நீல மை பூசி, பேரிங்கில் வைத்துச் சுற்றுகிறார்கள். மை ஒட்டிய இடம் மேடு. அதைக் கையால் சுரண்டுகிறார்கள். மறுபடி மை, மறுபடி சுரண்டல். எல்லா இடத்திலும் ஒரே சீராக மை ஒட்டும்வரை இந்த வேலை நடக்கும். ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் முழுக்கப் போகலாம்.

இந்த வேலையைப் புத்தகம் படித்து மட்டும் கற்க முடியாது. கையோடு கை வைத்துக் காட்டித் தர வேண்டும். காட்டித் தரக் கூடியவர்கள் பலர் முதியவர்கள். இரும்பைவிட வேகமாக மறைவது இந்தக் கைத்திறன்தான்.

எது பழையது? எது புதியது?

கூண்டு புதிது, சக்கரம் புதிது, பேரிங் புதிது. அப்படியானால் இதைப் பழைய லாரி என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி சேகரிப்பவர்களுக்குள்ளேயே பெரிய சச்சரவை உண்டாக்குகிறது. ஒரு கூட்டம், "தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தது போல் பளபளவென்று ஆக்க வேண்டும்" என்கிறது. இன்னொரு கூட்டம், "தழும்பையும் துருவையும் விட்டு வையுங்கள். உழைத்த வண்டிக்கு அதுதான் நகை" என்கிறது.

இரண்டு கூட்டமும் ஒப்புக்கொள்கிற நெறி ஒன்று உண்டு. புதிதாகச் செய்ததைப் பழையது என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. கழற்றும் முன்பே படம் எடுக்க வேண்டும். எதை மாற்றினோம், எதைக் காப்பாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். நாளை ஒருவர் அதைப் பார்த்து உண்மையை அறிந்துகொள்வார்.

கடற்கரைக்கு ஓர் ஊர்வலம்

1958-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பழைய லாரி, பஸ் பிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1962-ம் ஆண்டில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு முதல் ஊர்வலத்தை நடத்தினார்கள். தூரம் 50 மைலுக்கு மேல். கிழட்டு லாரிகளுக்கு அது சாமானியமான தூரம் அல்ல!

வேகமும் குறைவுதான். இங்கிலாந்தில் 1957-ம் ஆண்டு வரை, மிகுந்த எடையுள்ள லாரிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த வேகத்துக்காகச் செய்த வண்டியை இன்று விரட்டினால் அது தாங்குமா?

லேலண்ட் ஊரிலேயே, பழைய லேலண்ட் தொழிற்சாலைக் கட்டடத்தில், பிரிட்டிஷ் வர்த்தக வாகனக் காட்சி சாலை இருக்கிறது. பழைய லாரிகளும் பஸ்களும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. 1982-ம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கிலாந்து வந்தபோது பவனி வந்த லேலண்ட் வண்டியும் அங்கே உண்டு. பழைய பதிவேடுகளையும் படங்களையும் அங்கே பாதுகாத்து வருகிறார்கள்.

பழைய லேலண்ட் மோட்டார்ஸ் கம்பெனி இன்று இல்லை. கை மாறிக் கை மாறி, லாரித் தொழிற்சாலை 1998-ம் ஆண்டில் "பக்கார்" என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

எண்ணூருக்கு வந்த வால் நட்சத்திரம்

லேலண்ட் லாரிகளில் ஒன்றின் பெயர் "காமெட்". வால் நட்சத்திரம் என்று பொருள். 1947-ம் ஆண்டில் பிறந்த அந்த லாரி சென்னைக்கும் வந்தது.

1948-ம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பவர் "அசோக் மோட்டார்ஸ்" கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1950-ம் ஆண்டில் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. காமெட் லாரிகள் எண்ணூரிலிருந்து புறப்பட்டன. 1955-ம் ஆண்டில் கம்பெனிக்கு "அசோக் லேலண்ட்" என்று பெயர் வந்தது.

அந்தக் காமெட்டுகள் நெல் ஏற்றின, பருத்தி ஏற்றின, கரும்பு ஏற்றின. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. உழைத்து முடித்ததும் காயலான் கடைக்குப் போயின.

எல்லோராலும் ஒரு லாரியைப் புதுப்பிக்க முடியாது. அதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும். ஆனால் லாரி ஓட்டிய தாத்தா இருந்த வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கலாம். பழைய ஆர்.சி. புத்தகமோ, மெக்கானிக்கின் நோட்டோ பரண் மேல் கிடக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்து வைக்கலாம். போட்டோவின் பின்னால் தாத்தாவின் பெயர், வண்டி நம்பர், ஆண்டு மூன்றையும் எழுதி வைக்கலாம். பழைய வண்டியைத் தேடுகிறவருக்கு அந்த மூன்று வரிகள் பெரிய உதவி.

நரைத்த மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருந்தால், பட்டறைக்குப் போகும் பையன் அவரிடம் பேரிங் சுரண்டக் கற்றுக்கொள்ளலாம். அதற்குக் காசு பணம் வேண்டாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்!